கிரவல் குழிகளில் தேட வேண்டிய கண்ணாடி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் எங்கே கிணறு வெட்டினாலும் கொஞ்ச ஆழத்தில் சுண்ணக்கல் தட்டும். மயோசின் காலத்துக் கடலடியில் சிப்பியும் பவளமும் படிந்து இறுகிய கல் அது. நிலாவரைக் கிணற்றில் நாம் எட்டிப் பார்ப்பது அந்தக் கல்லை மழைநீர் கரைத்துக் குடைந்த பள்ளத்தை. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை வெட்டியெடுத்ததும் அதே கல்லைத்தான். இந்த நிலத்தின் பிறப்பில் எரிமலைக்குப் பங்கில்லை. ஆகவே எரிமலைக் கண்ணாடி என்றால் எங்கள் மாணவருக்கு அது ஹவாயிலும் இத்தாலியிலும் கிடக்கும் ஏதோ ஒன்று. பரீட்சைத் தாளில் ஒப்சிடியன் என்று எழுதிவிட்டு மறந்துவிடலாம். மறக்கக் கூடாது என்பதே என் வாதம். எரிமலைக் கண்ணாடியில் பல வகை உண்டு. அவற்றுள் பார்வைக்கு மிக அற்பமான, விரலில் ஒட்டினால் தூசு என்று தட்டிவிடக்கூடிய ஒரு வகையை வடபுலத்தில் முறையாகத் தேட வேண்டும். தேட வேண்டிய இடமும் ஓரளவு தெளிவாகவே இருக்கிறது: இரணைமடுவைச் சுற்றியும், பூநகரியிலிருந்து மன்னார் நோக்கியும் பரந்து கிடக்கும் கிரவல், செம்மணல் படிவுகள். வீதிக்கும் வீட்டுக்கும் என்று அவற்றை டிப்பர்கள் ஏற்றிக்கொண்டே இருப்பதால் இது ஆறுதலாகச் செய்யக்கூடிய வேலையும் அல்ல.

உருகிய பாறை பளிங்குகளாக ஒழுங்குபடுமுன் இறுகிவிட்டால் கிடைப்பது கண்ணாடி. பாறைக்குழம்புக்குள் சிலிக்கனும் ஒட்சிசனும் பின்னிய வலை இருக்கிறது. ஆறுவதற்கு அவகாசம் கிடைத்தால் அணுக்கள் நகர்ந்து, வரிசையாக அடுக்கிக்கொண்டு, குவாட்ஸ், பெல்ட்ஸ்பார் என்று கனிமங்களாகும். அவகாசம் இல்லையென்றால் குழம்பில் இருந்த குழப்பம் அப்படியே கல்லில் உறைந்துவிடும். விரைவாகக் குளிர்ந்த லாவாவே எரிமலைக் கண்ணாடி என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான். அது பாதி உண்மை. கறுப்பாகப் பளபளக்கும் ஒப்சிடியன் பல இடங்களில் பத்து மீற்றர், முப்பது மீற்றர் தடிப்புள்ள பாய்வுகளாகக் கிடக்கிறது. அவ்வளவு தடித்த பாய்வின் நடுப்பகுதி ஆற ஆண்டுகள் எடுக்கும். அதுவும் கண்ணாடியாகவே இருக்கிறது. காரணம் வேகம் அல்ல, பாகுமை. எழுபது வீதத்துக்கு மேல் சிலிக்கா உள்ள, நீரையெல்லாம் இழந்துவிட்ட குழம்பு, ஹவாயில் ஓடும் பசாற்றுக் குழம்பைவிட இலட்சக்கணக்கான மடங்கு தடிப்பானது. அதற்குள் அணுக்களால் நகரவே முடியாது. பளிங்கு வளர வழியில்லை. சிலி நாட்டில் கோர்டோன் கௌயே எரிமலை 2011இல் வெடித்தபோது ஒப்சிடியன் பாய்வதை விஞ்ஞானிகள் நேரில் கண்டார்கள். குழம்பு வெளிவருவது நின்ற பிறகும் மாதக்கணக்காக அந்தப் பாய்வு ஊர்ந்துகொண்டிருந்தது. இன்னும் சிலர், ஒப்சிடியன் ஒரே குழம்பாக வந்து உறைவதே இல்லை, எரிமலைக் குழாய்க்குள் சிதறிய சாம்பல் மறுபடி வெந்து ஒட்டித்தான் அது உருவாகிறது என்று வாதிடுகிறார்கள். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

பசாற்றின் கதை வேறு. அது நீர்த்துப்போன குழம்பு. கண்ணாடியாக வேண்டுமென்றால் உண்மையாகவே திடீரென்று குளிர வேண்டும். கடலுக்குள் பாயும் பசாற்றின் மேல்தோல் மட்டும் மெல்லிய கண்ணாடியாகும். கிலவேயா எரிமலையில் காற்று குழம்புத் துளிகளை இழுத்து நீட்டும்போது மயிரிழை போன்ற பொன்னிறக் கண்ணாடி நூல்கள் உண்டாகும். ஹவாய் மக்கள் தங்கள் எரிமலைத் தெய்வமான பெலேயின் கூந்தல் என்கிறார்கள். வாயு நிறைந்த சிலிக்காக் குழம்பு பொங்கி உறைந்தால் நுரைக்கல். கடலில் மிதந்து நாடு கடக்கும். பசாற்றின் நுரையோ, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் வெற்றிடமாக இருந்தாலும், குமிழ்ச் சுவர்கள் திறந்திருப்பதால் நீரில் மூழ்கிவிடும். ஒப்சிடியன் நெடுங்காலம் நீரை உறிஞ்சி, நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பங்கு நீரோடு வெங்காயத் தோல்போல் உரிகிற நிலைக்கு வந்தால் அது பெர்லைற்று. சூளையில் இட்டால் அந்த நீர் ஆவியாகிக் கல்லையே பல மடங்கு ஊதிவிடும். நகரங்களில் மொட்டைமாடித் தோட்டத்துக்கு விற்கும் வெள்ளை உருண்டைகள் அவைதான் (எங்கள் தும்புத்தூள் செய்யாத எதையும் அவை செய்வதாக எனக்குத் தெரியவில்லை). கண்ணேறு கழிக்க என்று இணையத்தில் விற்கும் கறுப்பு ஒப்சிடியன் மாலைகளைப் பற்றி இவ்வளவு சொன்னால் போதும்: சாயம் சேர்த்த சாதாரணக் கண்ணாடியையும் அதையும் வெறும் கண்ணால் பிரித்தறிவது எளிதல்ல.

நான் சொல்ல வந்த வகை இவற்றில் எதுவும் அல்ல. சிலிக்காக் குழம்பு வெடிக்கும்போது நுரை முழுவதாக வெளியே வராது. குமிழ்கள் உடைந்து அவற்றின் சுவர்கள் தூளாகும். எரிமலைச் சாம்பல் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இந்தக் கண்ணாடித் துணுக்குகளே. எதுவும் எரிந்து வந்த சாம்பல் அல்ல அது. நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால் வளைந்த ஓடுகளும், மூன்று குமிழ்கள் சந்தித்த மூலையின் மூன்று கைத் துண்டுகளும் தெரியும். மயிரின் பருமனைவிடச் சிறியவை என்பதால் காற்று அவற்றை ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கொண்டுபோகும். ஒவ்வொரு வெடிப்பின் கண்ணாடிக்கும் சிலிக்கா, பொட்டாசியம், இரும்பு, அரிய தனிமங்கள் என்ற அளவுகளில் ஏறக்குறையத் தனக்கே உரிய கலவை இருக்கும். ஆகவே ஒரு குளத்துச் சேற்றிலோ குகைத் தரையிலோ அத்தகைய துணுக்குகள் கிடைத்தால், அந்தப் படை எந்த வெடிப்பின்போது படிந்தது என்று சொல்லிவிடலாம். வெடிப்பின் வயது தெரிந்தால் படையின் வயதும் தெரியும்.

எங்கள் பகுதிக்கு அப்படி ஒரு வெடிப்பு உண்டு. சுமாத்திராவின் தோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தது. வெளிவந்த குழம்பு 2,800 கன கிலோமீற்றர் அளவு என்று ஒரு பழைய கணிப்பு. பிந்திய கணிப்புகள் இன்னும் கூட்டிச் சொல்கின்றன. நிலம் உள்ளே சரிந்த பள்ளம்தான் இன்றைய தோபா ஏரி, ஏறக்குறைய நூறு கிலோமீற்றர் நீளம். சாம்பல் மேற்கு நோக்கி வங்காள விரிகுடாவின் அடியிலும், இந்து சமுத்திரத்திலும், இந்தியாவின் ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலும் படிந்தது. மத்திய இந்தியாவின் சோன் ஆற்றுப் படிவுகளில் அதை 1980களின் தொடக்கத்தில் இனங்கண்டார்கள். ஆபிரிக்காவின் மலாவி ஏரிச் சேற்றில் அதன் துணுக்குகள் கிடைத்ததாக 2013இலும், தென்னாபிரிக்கக் கரையோரத்துப் பினக்கிள் பொயின்ற் குடியிருப்பில் கிடைத்ததாக 2018இலும் ஆய்வுகள் வெளிவந்தன. பினக்கிள் பொயின்ற் தோபாவிலிருந்து சுமார் 9,000 கிலோமீற்றர். அங்கே சாம்பல் படை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. மணலைச் சென்றிமீற்றர் சென்றிமீற்றராக எடுத்துக் கழுவிச் சலித்தபோது மிகச் சில துணுக்குகள் அகப்பட்டன. அவ்வளவே போதுமாக இருந்தது.

இந்தியாவில் நடந்தது எங்களுக்கு இன்னும் நெருக்கமான பாடம். ஆந்திராவில், அன்று கர்நூல் மாவட்டத்தில் இருந்த ஜ்வாலாபுரம் என்ற ஊர். அங்கே தோபாவின் சாம்பல் சில சென்றிமீற்றர் தடிப்புக்கு விழுந்து, பிறகு சரிவுகளிலிருந்து மழைநீர் அடித்துவந்து சேர்த்ததில் மீற்றர் கணக்கில் குவிந்தது. பாத்திரம் துலக்கும், துணி வெளுக்கும் தூள்களில் கலப்பதற்காக அதை ஊரவர்கள் வெட்டி விற்றார்கள். அந்த வெட்டுக் குழிகளின் சுவர்களில்தான் ஆய்வாளர்களுக்கு சாம்பல் படை தெளிவாகத் தெரிந்தது. மைக்கல் பெற்றாக்லியா, ரவி கொரிசெட்டர் உள்ளிட்டோர் அங்கே அகழ்ந்து 2007இல் எழுதிய கட்டுரை பெரிய விவாதத்தைக் கிளப்பியது. சாம்பலுக்குக் கீழே கிடைத்த கற்கருவிகளுக்கும் மேலே கிடைத்தவற்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே அங்கிருந்த மனிதர்கள் அந்தப் பேரழிவைத் தாங்கி வாழ்ந்தார்கள், அவர்கள் ஆபிரிக்காவிலிருந்து வந்த நவீன மனிதர்களாகவே இருந்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம். தோபாவால் மனித இனமே சில ஆயிரமாகக் குறைந்தது என்று 1990களில் முன்வைக்கப்பட்ட கருத்துக்கு இது நேர் எதிர். நவீன மனிதர் தோபாவுக்குப் பிறகே தெற்காசியாவுக்கு வந்தார்கள் என்று வேறொரு குழு 2013இல் மறுத்தது. சோன் பள்ளத்தாக்கின் தாபாவில் சுமார் 80,000 ஆண்டுகளாக மனிதர் தொடர்ந்து வாழ்ந்ததைக் கருவிகள் காட்டுகின்றன என்று 2020இல் மற்றொரு கட்டுரை. வழக்கு நடக்கிறது. சாட்சிக் கூண்டில் நிற்பவை தூசளவுக் கண்ணாடித் துண்டுகள்.

இந்த வழக்கில் வட இலங்கைக்கு என்ன இடம்? முதலில் தூரம். தோபாவிலிருந்து யாழ்ப்பாணம் சுமார் 2,200 கிலோமீற்றர். ஜ்வாலாபுரமும் சோன் ஆறும் அதைவிடத் தொலைவு. அடுத்தது நிலம். அந்தக் காலத்தில் கடல்மட்டம் இன்றையதைவிடப் பல பத்து மீற்றர் தாழ்ந்திருந்தது. இன்று பாக்கு விரிகுடாவின் சராசரி ஆழம் பத்து மீற்றர்கூட இல்லை என்பதை வைத்துப் பார்த்தால், வேதாரணியத்துக்கும் வடமராட்சிக்கும் இடையில் அன்று கடல் அல்ல, தரையே இருந்தது. தெற்காசியக் கரையோரமாக நகர்ந்த எந்த மனிதக் கூட்டமும் இந்த வழியாக நடந்தே வந்திருக்க முடியும். மூன்றாவதுதான் முக்கியம்: கற்கருவிகள் உள்ள பழைய படிவு இங்கே இருக்கிறது. இலங்கையின் வரண்ட கரையோரத்தில் அடியில் கிரவலும் மேலே செம்மணலுமாகக் கிடக்கும் படிவுக்கு உலக ஆய்வு இலக்கியத்தில் வழங்கும் பெயரே இரணைமடுப் படிவு. வேலண்ட் என்ற புவிச்சரிதவியலாளர் 1919இலேயே இலங்கையின் கற்காலம் பற்றி எழுதினார். பிறகு சிரான் தெரணியகல அந்தப் படிவுகளை விரிவாக ஆராய்ந்து, சுமார் 125,000 ஆண்டுகளுக்கு முன்னரே இத்தீவில் மனிதர் இருந்தனர் என்ற முடிவுக்கு வந்தார். அவருடைய முக்கியமான வயதுக் கணிப்புகள் தெற்கே பூந்தல, பத்திராஜவெல பகுதியிலிருந்து வந்தவை. படிவுக்குப் பெயர் கொடுத்த இடம் கிளிநொச்சியில். அந்தப் பெயர் உலகத்துக்குத் தெரிந்த அளவுக்கு எங்கள் பாடசாலைகளுக்குத் தெரியாது. தெற்கிலுள்ள பாகியன் குகையில் 48,000 ஆண்டு பழைமையான மனிதத் தடயங்கள் உண்டு. ஆனால் இரேடியோ காபன் முறை 50,000 ஆண்டுகளோடு கைவிட்டுவிடும். அதற்கு அப்பால் மணல் மணிகளில் தேங்கிய ஒளிச் சக்தியை அளக்கும் முறை இருக்கிறது; அதில் பிழை எல்லை ஆயிரக்கணக்கான ஆண்டுகள். தோபாவின் கண்ணாடி ஒரு படையில் கிடைத்தால், இதற்குக் கீழே உள்ள கருவிகள் 74,000 ஆண்டுகளுக்கு முந்தியவை, மேலே உள்ளவை பிந்தியவை என்று ஒரே கோட்டில் பிரித்துவிடலாம். நூற்றாண்டுக் கணக்கில் துல்லியமான வேறு எந்தக் கோடும் அந்தக் காலத்துக்கு எங்களிடம் இல்லை.

எதிர்வாதங்கள் வலுவானவை. எரிமலைக் கண்ணாடி நிலையான பொருள் அல்ல என்பது முதலாவது. அது நீரை உறிஞ்சும், மெல்லப் பளிங்காக மாறும், களிமண்ணாகச் சிதையும். சில கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒப்சிடியன் அரிது. வெப்பமும் மழையும் உள்ள நாட்டில் தூசளவுத் துணுக்கு எப்படி மிஞ்சும்? அதிலும் யாழ்ப்பாணம் சுண்ணக்கல் பூமி. நேப்பிள்ஸ் விரிகுடாப் பகுதியின் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு குழைத்துத்தான் ரோமர் கடலுக்குள்ளேயே இறுகும் கொங்கிறீற்றுத் துறைமுகங்களைக் கட்டினார்கள். சுண்ணாம்பு நீர் கண்ணாடியைத் தின்று புதிய பொருளாக மாற்றுவதே அந்தக் கொங்கிறீற்றின் இரகசியம். அதே வேதியியல், சாந்தளவு கடுமை இல்லாமல் ஆனால் பல்லாயிரம் ஆண்டுகளாக, கலட்டி நிலத்திலும் நடந்திருக்கும். இந்த வாதத்தை நான் ஏற்கிறேன். அதனால்தான் வலிகாமத்துச் செம்மண்ணில் தேடச் சொல்லவில்லை. கடனீரேரிச் சேற்றிலும் தோபாவைத் தேட முடியாது. கடல் இன்றைய மட்டத்துக்கு ஏறியது கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில்தான், அந்தச் சேறு அவ்வளவு இளையது. ஆனால் சுண்ணாம்பு குறைந்த கிரவல், களி, பழைய நீர்நிலைப் படிவுகளின் நிலை வேறு. வெப்பமும் பருவமழையும் உள்ள ஆந்திராவில் 74,000 ஆண்டு தாங்கிய கண்ணாடி, மலேசியாவின் லெங்கோங் பள்ளத்தாக்கின் மழைக்காட்டு ஈரத்திலும் தாங்கிய கண்ணாடி, வரண்ட வலயத்தில் எங்குமே தாங்கியிருக்காது என்று சோதிக்காமல் முடிவுகட்ட நியாயமில்லை.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் நுட்பமானது. செம்மணல் காற்றால் குவிந்த மணல். கிரவலை ஆறும் வெள்ளமும் புரட்டியிருக்கும். கறையான் வேறு மண்ணைக் கீழும் மேலும் சுமக்கும். அதில் கிடைக்கும் துணுக்கு தன் இடத்தில் இருக்கிறது என்று யார் சொல்வது? இந்தியாவிலேயே இந்தச் சிக்கல் உண்டு; மகாராட்டிரத்தின் போரியில் கிடைத்த சாம்பல் எந்த வெடிப்பைச் சேர்ந்தது, அதனோடு கிடைத்த கருவிகளின் வயது என்ன என்று ஆய்வாளர் நீண்டகாலம் மோதிக்கொண்டார்கள். தோபாவே பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பும் பெரிதாக வெடித்திருப்பதும், அந்தக் கண்ணாடிகளின் கலவை ஒன்றுக்கொன்று நெருங்கியிருப்பதும் காரணம். ஆகவே துணுக்கு கிடைத்த உடனே முழக்கமிட முடியாது. ஒரு வெட்டுமுகத்தில் மேலிருந்து கீழாக நெருக்கமாக மாதிரி எடுத்து, துணுக்குகள் எந்த மட்டத்தில் திடீரென்று தொடங்குகின்றன, எங்கே குவிகின்றன என்று எண்ண வேண்டும். கலைந்த மண்ணிலும், அவை முதன்முதலில் தோன்றும் மட்டத்துக்குப் பெறுமதி உண்டு. கலவையை இலத்திரன் கற்றை கொண்டு அளந்து தோபாவின் பெருவெடிப்புகளில் எது என்று பார்க்க வேண்டும். இன்னொரு பொறி எங்களுக்கே உரியது. கண்ணாடி முனைவாக்கிய ஒளியில் இருண்டு தெரியும், குவாட்ஸ் மணி ஒளிரும். தொடக்கநிலைத் தேர்வு அதுதான். ஆனால் தாவரங்கள் தங்கள் திசுக்களில் சேர்க்கும் சிலிக்காவும் அதே ஒளியில் இருண்டுதான் தெரியும். பனைக் குடும்பத்தின் பல இனங்கள் இலைகளில் முள் உருண்டைகளாக அந்தச் சிலிக்காவைச் சேர்க்கின்றன. பனங்கூடலின் மண்ணில் அது எவ்வளவு இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வடிவமும் அடர்த்தியும் ஒளிமுறிவும் தெரிந்த ஒருவர் இரண்டையும் பிரித்துவிடுவார். தெரியாதவர் பனையோலையைத் தோபா என்று அறிவித்துவிடுவார்.

மூன்றாவது எதிர்வாதத்தை விஞ்ஞானிகள் சொல்வதில்லை, ஊரவர்கள் சொல்வார்கள்: வேலையில்லாப் பட்டதாரிகளும், மீள முடியாத காணிகளும், உப்பேறும் கிணறுகளும் இருக்கும் மாகாணத்தில் 74,000 ஆண்டு பழைய தூசுக்கு என்ன அவசரம்? செலவைப் பார்த்தால் கேள்வியின் சூடு தணியும். முதல் கட்டத் தேடலுக்கு வேண்டியவை நுண்சல்லடைகள், குவாட்ஸைவிட இலகுவான கண்ணாடியை மிதக்கவைத்துப் பிரிக்கும் பாரத் திரவம், முனைவாக்க நுணுக்குக்காட்டி, பொறுமையுள்ள நான்கைந்து மாணவர்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் துறை இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியலும் தொல்லியலும் இருக்கின்றன. கிளிநொச்சியில் அதன் பொறியியல் பீடம் கிரவல் குழிகளுக்குக் கூப்பிடு தூரத்தில் நிற்கிறது. இரசாயனக் கைரேகையை மட்டும் வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும். இத்தகைய மாதிரிக்குக் காத்திருக்கும் கூட்டாளிகளைக் கண்டுபிடிப்பது கடினமாக இருக்காது. அவசரத்துக்குக் காரணம் தூசின் வயது அல்ல. பூமியிலுள்ள கனியத்தை அகழ 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். குடத்தனை, அம்பன், நாகர்கோவில் மணலில் அந்த அனுமதி எவ்வளவு மதிக்கப்பட்டது என்பதை வடமராட்சி கிழக்கு மக்களைக் கேட்டால் சொல்வார்கள். கிரவலின் நிலையும் அதுதான். அகழ்வை நிறுத்து என்று நான் கேட்கவில்லை. ஜ்வாலாபுரத்தில் வெட்டுக்குழி இல்லையென்றால் அந்தப் படை கண்ணில் பட்டிருக்காது. வெட்டுபவர் வெட்டும்போது பார்ப்பவர் ஒருவர் நிற்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. பார்க்க ஆளில்லாமல் வெட்டிய குழி வெறும் பள்ளம்.

அண்மைக் காலத்துக்கும் இந்தக் கண்ணாடியால் பயன் உண்டு. 1883 ஓகஸ்ட் 27இல் கிரக்கற்றோவா வெடித்த ஓசை இலங்கையில் கேட்டது. கடலலை கிழக்குக் கரையைத் தொட்டது. செப்டெம்பரில் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் சூரியன் பச்சையாகவும் நீலமாகவும் தெரிந்ததைப் பலர் பதிவு செய்தார்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் மிச்சி சிமித் அந்த ஒளியின் நிறமாலையை அளந்தார். எங்கள் வானத்தைக் கடந்த அந்தத் தூசில் ஒரு பகுதி கடனீரேரிச் சேற்றில் இருக்கக்கூடும். 1257இல் லொம்பொக் தீவின் சமலாஸ் வெடித்தது. அதன் கந்தகத் தடம் இரு துருவப் பனியிலும் இருக்கிறது. சாவக மன்னன் சந்திரபானு இலங்கைமீது படையெடுத்து ஒரு தசாப்தம் கழிந்த நேரம் அது, யாழ்ப்பாணத்தில் ஆரியச்சக்கரவர்த்திகள் எழுவதற்குச் சற்று முன். அந்த ஆண்டின் துணுக்கு தொண்டைமானாற்றுச் சேற்றிலோ உப்பாற்றுச் சேற்றிலோ கிடைத்தால், யாழ்ப்பாண அரசின் தொடக்ககால மழை, வெள்ளம், கரை மாற்றம் ஆகியவற்றை ஆண்டுக் கணக்கில் நிறுத்தி வாசிக்கலாம். கிடைக்கும் என்று உறுதி கூற முடியாது. தேடினால் செலவாகப்போவது சில நூறு கிராம் சேறு.

எங்கள் பழமை பற்றிய பேச்சு பெரும்பாலும் கந்தரோடையிலும் ஆனைக்கோட்டை முத்திரையிலும் நின்றுவிடுகிறது. 1970இலும் 1980இலும் அங்கே நடந்த அகழாய்வுகள் பெரிய சாதனைகள்; அவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆய்வுகளைச் சுற்றிப் பிறகு வளர்ந்த சண்டை, யார் முதலில் வந்தார் என்பதற்குள் சுருங்கிவிட்டது. தெற்கில் ஒரு தரப்பும் வடக்கில் ஒரு தரப்பும் ஒரே இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளை இழுத்துப் பறித்துக்கொண்டிருக்கின்றன. மாந்தையின் அடிமட்டப் படையிலோ கி.மு. 1800 அளவில் குவாட்ஸில் நுண்கருவி செதுக்கியவர்களின் தடயம் கிடைத்தது. ஒப்சிடியன் கிடைக்காத தீவில் அவர்கள் கையிலிருந்த கல்லைக் கொண்டே கூர்மையான விளிம்பை எடுத்தார்கள். அவர்களுக்கும் பல்லாயிரம் ஆண்டுகள் முன் இரணைமடுவின் கிரவலைத் தட்டிச் செதுக்கியவர்கள் எந்த மொழி பேசினார்கள் என்று எவரும் உரிமை கோர முடியாது. அதனாலேயே அந்தக் காலத்தை ஆராய இங்கே கட்சியும் இல்லை, காசும் இல்லை. பல்கலைக்கழகங்கள் கட்சியின் தேவையைப் பார்த்து ஆய்வுப் பொருளைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை.

செய்ய வேண்டியது ஒன்றுதான், அதைச் செய்யச் சட்டம் திருத்தவும் தேவையில்லை. கிளிநொச்சி, மன்னார், முல்லைத்தீவு மாவட்டங்களில் கிரவலுக்கும் செம்மணலுக்கும் புவிச்சரிதவியல் பணியகம் வழங்கும் ஒவ்வொரு அனுமதியிலும் ஒரு நிபந்தனை சேர்க்கப்பட வேண்டும்: குழியை மூடுமுன் ஒரு சுவரைச் செங்குத்தாகச் செப்பனிட்டு, பல்கலைக்கழகத்தவர் அளந்து மாதிரி எடுக்க ஒரு நாள் விட வேண்டும். பல்கலைக்கழகம் தன் பங்குக்கு அந்த ஒரு நாளில் ஆளனுப்ப வேண்டும். அடுத்த அனுமதிப்பத்திரத்திலிருந்தே இதைத் தொடங்கலாம்.